அடுக்கினா அது கிராஃபிக்ஸா?

போன மாசம் ஜவ்வாது மலைப்பக்கம் போய் ஓரியன் நெபுலாவைப் படம் புடிச்சேன். 30 செகண்ட் எக்ஸ்போஷர், மொத்தம் 64. அதாவது 32 நிமிஷ வெளிச்சம். அப்புறம் லென்ஸை மூடிட்டு 20 டார்க் ஃப்ரேம். நடுவுல பனி இறங்கி லென்ஸ் நனைஞ்சது தனிக்கதை. வீட்டுக்கு வந்து டீப்ஸ்கைஸ்டாக்கர்ல அடுக்கி எடுத்து, ஆசையா மச்சான்கிட்ட காட்டினா, "போங்க மாமா, இதெல்லாம் கிராஃபிக்ஸ்"னு ஒரே போடு. ஒரே கிளிக்ல எடுத்தாத்தான் உண்மையான போட்டோவாம்!

இந்த 'ஒரே கிளிக்' கட்சிக்காரங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்ல ஒருத்தர் உங்க பேரை ஒரு தடவை கூப்பிட்டா காதுல விழாது. 64 தடவை கூப்பிட்டா? அவ்வளவுதாங்க ஸ்டாக்கிங். நெபுலாவோட வெளிச்சம் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் அதே இடத்துல வந்து விழும். நாய்ஸ் அப்படியில்ல, இங்க கூடும், அங்க குறையும். சராசரி எடுத்தா நாய்ஸ் அடங்கிடும். 64 ஃப்ரேமுக்கு 8 மடங்கு தெளிவு, ஏன்னா 64க்கு வர்க்கமூலம் 8. இன்னும் ரெண்டு மடங்கு வேணும்னா 256 ஃப்ரேம் எடுக்கணும், முதுகு ஒடிஞ்சுடும். வானத்துலேர்ந்து வராத வெளிச்சத்தை எத்தனை அடுக்கினாலும் கொண்டுவர முடியாது சாமி.

சரி, ஒரே கிளிக் மட்டும் என்ன சுத்தமாம்? கேமரா சென்சார்ல ஒரு பிக்சல் பார்க்கறது ஒரு நிறம்தான். மிச்ச ரெண்டும் அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்துப் போடற கணக்கு. 2018ல கூகுள் பிக்சல்ல வந்த நைட் சைட், 2019ல ஐஃபோன் 11ல வந்த நைட் மோட், எல்லாமே பல ஃப்ரேமைச் சேர்க்கற வேலைதான். மச்சான் ராத்திரியில எடுக்கற செல்ஃபியும் அடுக்கினதுதான், பாவம் அவருக்குத் தெரியாது :-)

ஹப்பிள் டீப் ஃபீல்ட் படம் நினைவிருக்கா? 1995 டிசம்பர் 18லேர்ந்து 28 வரைக்கும், பெருங்கரடி மண்டலத்துல வெறும் இருட்டு மாதிரி தெரிஞ்ச ஒரு துளி இடத்தையே 342 எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்த்தாங்க. சுமார் 3000 கேலக்ஸி வந்து நின்னுச்சு. அதையும் கிராஃபிக்ஸ்னு சொல்லுவீங்களா?

ஒண்ணு ஒத்துக்கறேன். கலரை எவ்வளவு தூக்கலா வைக்கறதுங்கறது என் ரசனை. அங்க திட்டுங்க, வாங்கிக்கறேன்.

ஆனா இந்தக் கெட்ட பேருக்கு நம்மாளுங்களும் காரணம்யா. கோயில் கோபுரத்தை வைட் லென்ஸ்ல எடுத்து, டெலி லென்ஸ்ல எடுத்த நிலாவைத் தாம்பாளம் சைஸுக்கு அதுமேல ஒட்டிட்டு, அதைப்பத்தி மூச்சே விடாம லைக் வாங்கறது. நிலா அரை டிகிரிதான். கையை நீட்டி சுண்டுவிரல் நகத்தை வச்சாலே மறைஞ்சுடும். வைட் லென்ஸ்ல ஒரு பொட்டு மாதிரிதான் தெரியும். ஒட்டறது உங்க இஷ்டம், ஆனா ஒட்டினேன்னு ஒரு வரி எழுத என்ன கேடு? அடுக்கறதும் ஒட்டறதும் ஒண்ணுன்னு ஜனங்க நினைக்கறது இதனாலதான். நான் இனி எத்தனை ஃப்ரேம், எத்தனை செகண்ட், என்னென்ன பண்ணேன்னு படத்துக்குக் கீழயே போட்டுடறேன்.

அடுத்த அமாவாசைக்கு மச்சானையும் இழுத்துட்டுப் போறேன். ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொல்லியாச்சு. நாப்பதாவது ஃப்ரேம் வரைக்கும் முழிச்சிருக்காரான்னு பார்ப்போம்.