சஸ்பென்ஸ் அக்கவுண்டில் மனிதர்கள்

தொடுபுழா கை வெட்டு வழக்கு ஞாபகம் இருக்கிறதா? இடுக்கி மாவட்டம், நியூமேன் கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் டி.ஜே.ஜோசப். 2010-ல் அவர் தயாரித்த வினாத்தாளில் ஒரு கேள்வி நபிகளை இழிவுபடுத்துகிறது என்று புகார். போலீஸ் கைது செய்தது. ஜாமீனில் வந்தவரை ஜூலை 4-ம் தேதி, மூவாற்றுப்புழாவில் சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் வழியில் மடக்கி வலது கையை வெட்டினார்கள். வழக்கு என்.ஐ.ஏ.விடம் போனது. யு.ஏ.பி.ஏ. சட்டமும் பாய்ந்தது.

இதில் சிக்கியவருக்கு ஜாமீனா என்று யாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும்தான். ஆனாலும் ஜாமீன் கொடுத்தது சரி என்பதே என் கட்சி.

2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு யு.ஏ.பி.ஏ.வில் 43டி(5) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. விசாரணை எத்தனை வருடம் இழுத்தாலும் உள்ளேயேதான். குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். நான் பிழைக்க வந்த இந்த லண்டனில், குண்டுவெடிப்புகளைப் பார்த்த பிறகும், 2011 முதல் அந்தக் கெடு 14 நாள்தான்.

நான் சட்டம் படித்தவனில்லை, பி.காம். வங்கியில் விவரம் புரியாத பதிவை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். தப்பில்லை. ஆனால் அது அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் விடமாட்டார். எத்தனை நாளாகக் கிடக்கிறது, ஏன் இன்னும் தீர்க்கவில்லை என்று குடைவார். ரூபாய்க்கு இருக்கும் இந்தக் கெடு மனிதனுக்கு வேண்டாமா?

இந்த வழக்கில் கைதான கே.ஏ.நஜீப் ஐந்து வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. 43டி(5) இருந்தாலும், விசாரணை இழுத்துக்கொண்டே போய் அடிப்படை உரிமை பறிபோனால் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரி 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது.

பிறகு என்ன ஆனது தெரியுமா? 2023 ஜூலையில் அதே நஜீபுக்கு ஆயுள் தண்டனை! ஜாமீன் கொடுத்ததால் தண்டனை தப்பிப் போகவில்லை. பல வருடம் தப்பியது முதல் குற்றவாளி. அவரும் ஜாமீனில் வந்து ஓடியவர் இல்லை, பிடிபடாமலே இருந்தவர். 2024 ஜனவரியில்தான் கண்ணூர் மாவட்டத்தில் சிக்கினார். அது போலீஸ் கோட்டைவிட்ட விஷயம். 43டி(5) அதற்கு என்ன செய்ய முடியும்?

இன்னொரு பக்கமும் பாருங்கள். இதே வழக்கின் முதல் கட்டத் தீர்ப்பில், 2015-ல், 31 பேரில் 18 பேர் விடுதலை. பாலக்காட்டுக்காரர்களுக்கு வாளையார் தாண்டினால் கோவை. 1998 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அந்த வழக்கில் ஒன்பது வருடம் விசாரணைக் கைதியாக இருந்த மதானியை 2007-ல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஒன்பது வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜோசப் சாரின் கையும் ஓர் உரிமைதான், அதையும் அரசு காப்பாற்றவில்லை. நான் கேட்பது இரண்டு. விசாரணையை முடிக்க ஒரு கெடு, அது தாண்டினால் நிபந்தனையோடு ஜாமீன். நிரபராதி என்று வெளியே வருபவருக்கு, போன வருடங்களுக்கு நஷ்ட ஈடு. தாமதத்துக்கு அரசும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்றால், விசாரணை தானாக வேகம் பிடிக்கும்.