போனஸ் கொடுத்தால் கணக்கு ஏறுமா?

நன்றாகப் பாடம் நடத்தும் டீச்சருக்கும், ஏனோதானோவென்று நடத்துபவருக்கும் ஒரே சம்பளம்தானா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எந்த ஊர்ப் பெற்றோரும் கேட்கும் கேள்விதான் இது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் இதற்கு விடை தேட மூன்று கல்வியாண்டுகள் ஒரு சோதனை நடத்தினார்கள்.

2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 5 முதல் 8-ம் வகுப்பு வரை கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் சுமார் 300 பேர் தாங்களாகவே முன்வந்து சேர்ந்தார்கள். மாணவர்கள் நல்ல முன்னேற்றம் காட்டினால் ஆண்டுக்கு 5,000 டாலர் போனஸ். இன்னும் மேலே போனால் 10,000, அதற்கும் மேலே 15,000. எந்த ஊர் டீச்சருக்கும் இது சின்னத் தொகை அல்ல!

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? 90 மார்க் வாங்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம், 35-க்குத் திண்டாடும் வகுப்பு கிடைத்தவருக்கு நஷ்டம் என்று ஆகிவிடக் கூடாதே. அதனால் வெறும் மார்க்கைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை போன வருடம் எந்த இடத்தில் இருந்தது, அதே இடத்தில் இருந்த மற்ற பிள்ளைகள் மாநிலம் முழுக்க இந்த வருடம் எவ்வளவு முன்னேறினார்கள், இந்த வகுப்புப் பிள்ளைகள் அவர்களைத் தாண்டினார்களா என்று பார்த்தார்கள். ஓரளவுக்கு நியாயமான தராசுதான்.

இதைவிட முக்கியமான ஏற்பாடு இன்னொன்று. சேர்ந்த எல்லோருக்கும் போனஸ் வாய்ப்பு கிடையாது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும்தான். மீதிப் பேர் வழக்கமான சம்பளத்திலேயே பாடம் நடத்த வேண்டும். 'இது என்ன ஓரவஞ்சனை?' என்று தோன்றலாம். ஆனால் அந்தக் குலுக்கல் இல்லாமல் இருந்திருந்தால் நாஷ்வில் ஏமாந்திருக்கும். எப்படி என்றால், அந்த மூன்று ஆண்டுகளில் அங்கே கணக்கு மார்க் நிஜமாகவே உயர்ந்தது. 'பார்த்தீர்களா, போனஸ் வேலை செய்கிறது' என்று அதிகாரிகள் மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள். குலுக்கலில் போனஸ் கிடைக்காதவர்களின் வகுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கேயும் அதே அளவுக்கு உயர்ந்திருந்தது!

2010-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் முடிவை வெளியிட்டது: ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் போனஸால் பலன் இல்லை. ஐந்தாம் வகுப்பில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் அதுவும் கரைந்துவிட்டது. சேர்ந்த ஆசிரியர்களிலும் மூன்றாவது ஆண்டில் பாதிப் பேர்தான் மிஞ்சினார்கள்.

பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 'போனஸுக்கு முன்பே எங்களால் முடிந்த அளவு நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தோம்' என்பதுதான் பெரும்பாலோர் சொன்ன பதில். இதைச் சமாளிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னம் ஏன் சில பிள்ளைகளுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது என்று வழி தெரியாமல் நிற்பவரிடம் 15,000 டாலரைக் காட்டினாலும் வழி தெரிந்துவிடாது. அந்தத் திட்டத்தில் பணம் இருந்தது, கூடுதல் பயிற்சி இல்லை.

அப்படியானால் போனஸ் எங்கேயும் பலிக்காதா? ஆந்திரப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் பலித்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005-ல் தொடங்கிய ஆய்வு அது. 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனித்தனியாக போனஸ், 100 பள்ளிகளில் எல்லோருக்கும் சேர்த்து போனஸ், 100 பள்ளிகளில் ஒன்றும் இல்லை. வகுப்பின் சராசரி 5 சதவிகிதத்துக்கு மேல் உயரும் ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 500 ரூபாய். சராசரியாகக் கிடைத்த போனஸ், ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவிகிதம்தான். இரண்டே ஆண்டுகளில் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். போனஸே இல்லாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட! வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்கள் லீவு போடுவது குறையவில்லை. வந்த நாட்களில் வீட்டுப்பாடமும் கூடுதல் வகுப்பும் அதிகமாகின. செய்யக்கூடிய வேலை மிச்சம் இருந்த இடத்தில் சின்னத் தூண்டுதலே போதுமாக இருந்திருக்கிறது.

மார்க்கோடு பணத்தைக் கட்டிப்போடும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் இலக்கை எட்டிய பள்ளிகளுக்கு போனஸ் இருந்தது. எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற பயமும் இருந்தது. பிள்ளைகள் தப்பாக எழுதிய விடைகளை அழித்துத் திருத்தும் வேலையில் ஆசிரியர்களே இறங்கினார்கள். 2011-ல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளையும் 178 ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்களையும் குறிப்பிட்டது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இதில் அதிகம் இழந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். 'பாஸ்' என்று எழுதிய காகிதம் கையில் இருந்ததால், அவர்களுக்குக் கூடுதல் உதவி தேவை என்று யாருக்கும் தெரியாமல் போனது.

இவற்றையெல்லாம்விட ஆர்ப்பாட்டமாகத் தொடங்கியது டென்வர் நகரத்தின் திட்டம். ஆசிரியர் சங்கமே 2004-ல் வாக்களித்து ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு நகர மக்களும் வாக்களித்து, இதற்காக ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் கூடுதல் வரி கட்டச் சம்மதித்தார்கள். ஏழைக் குடும்பப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்கு, ஆள் கிடைக்காத பாடத்துக்கு, மார்க் உயர்வுக்கு என்று விதவிதமான போனஸ். ஆண்டுகள் போகப் போக, அடுத்த வருடம் கையில் எவ்வளவு வரும் என்று ஆசிரியர்களாலேயே சொல்ல முடியவில்லை. வாடகை கட்டுவதா, வீட்டுக் கடன் வாங்குவதா என்று முடிவு செய்ய நிலையான தொகை வேண்டாமா? 2019 பிப்ரவரியில் அவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழைப் பள்ளிகளில் ஆசிரியர்களைத் தக்கவைக்க போனஸ் வேண்டும் என்றது நிர்வாகம். அந்தப் பணத்தை அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள் என்றது சங்கம். கடைசியில் அடிப்படைச் சம்பளம் 7 முதல் 11 சதவிகிதம் வரை உயர்ந்தது. நான்காம் நாள் எல்லோரும் வகுப்புக்குத் திரும்பினார்கள்.