இப்படியும் ஒரு ஹாபி: சக்கரமே இல்லாத சைக்கிள்... முழங்கால் வலிக்காரர்களையும் பனிமலைக்கு அழைக்கும் ஸ்கீ பைக்!

ஹேண்டில்பார் இருக்கிறது. சீட் இருக்கிறது. ஃபிரேம் இருக்கிறது. ஆனால், பெடல் இல்லை, செயின் இல்லை, பிரேக் இல்லை. அட, சக்கரமே இல்லை! சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் முன்னால் ஒரு சறுக்குப்பலகை, பின்னால் ஒரு சறுக்குப்பலகை. இந்த வண்டியை மலை மேலே கொண்டுபோய், பனிச்சரிவில் ஏறி உட்கார்ந்து, ஜிவ்வென்று கீழே இறங்குகிறார்கள். இதுதான் ஸ்கீ பைக்.

பாக்குமட்டையில் ஒருவர் உட்கார, இன்னொருவர் இழுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதே குஷிதான். இழுக்கிற வேலையை மட்டும் இங்கே மலைச்சரிவு பார்த்துக்கொள்கிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும், அமெரிக்காவின் கொலராடோ மாதிரியான மாநிலங்களிலும் குளிர்காலம் வந்தாலே இதைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கூட்டம் உண்டு. பலர் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பழைய மர வண்டி, 1960களின் உலோக வண்டி, புத்தம்புது ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். 'வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு போல' என்று தோன்றலாம். ஆனால், இதன் வேர்களில் ஒன்று, நடக்கவே சிரமப்பட்ட ஒரு மரவேலைக்காரரின் பட்டறையில் இருக்கிறது.

பனியில் நடக்க முடியாதவர் செய்த வண்டி

சுவிட்சர்லாந்தில், ஐகர் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கிரிண்டல்வால்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அங்கே தெருவெல்லாம் பனி. நல்ல கால் உள்ளவர்களே தடுமாறும்போது, காலில் குறைபாடு உள்ளவர் என்ன செய்வார்?

அந்த ஊரில் மரம் அறுக்கும் தொழில் செய்துவந்த கிறிஸ்டியன் பூல்மன் அந்த நிலையில்தான் இருந்தார். கையில் இருந்தது மரமும் தொழிலும். சைக்கிள் வடிவத்தில் முழுக்க மரத்தாலேயே ஒரு வண்டி செய்தார். சக்கரத்துக்குப் பதில் கீழே இரண்டு சறுக்குக் கட்டைகள். முன்கட்டையைக் கைப்பிடியால் திருப்பலாம். 1911-ல் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பெயர், 'வெலோகெமல்'. 'வெலோ' என்றால் சைக்கிள். 'கெமல்' என்றால் அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் சறுக்குவண்டி.

ஒருவர் தன் தேவைக்காகச் செய்த வண்டி, ஊருக்கே உதவியது. தபால்காரர் கடிதம் கொடுக்கப் போனதும், டாக்டர் நோயாளியைப் பார்க்கப் போனதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் இதில்தான். இன்றும் அதே ஊரில், அதே வடிவத்தில் கைவேலையாகவே வெலோகெமல் தயாராகிறது. 1996-லிருந்து வெலோகெமல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே அங்கே நடக்கிறது!

மணிக்கு 166 கி.மீ!

இதே யோசனையை விளையாட்டுக் களத்துக்குக் கொண்டுபோனதில் ஆஸ்திரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1949-ல் அந்நாட்டின் எங்கல்பர்ட் பிரென்டர், உட்கார்ந்தபடி சறுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இந்த வகைக்கு 'ஸ்கீபாப்' என்ற பெயர் பரவியது. வெலோகெமலுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ஸ்கீபாப் ஓட்டுபவர் தன் இரண்டு கால்களிலும் குட்டியாக இரண்டு சறுக்குப்பலகைகள் மாட்டிக்கொள்வார். வண்டியில் இரண்டு, காலில் இரண்டு. ஆக, பனியைத் தொடுவது நான்கு இடங்களில்.

1954-ல் ஜெர்மனியின் கீஃபர்ஸ்ஃபெல்டனில் சர்வதேசப் போட்டி நடந்தது. 1961-ல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. 1964-ல் இத்தாலியின் செர்வீனியாவில், எரிக் பிரென்டர் மணிக்கு 166 கி.மீ வேகத்தைத் தொட்டார். பிரேக் இல்லாத வண்டியில் அந்த வேகம் என்பதை நினைத்துப் பாருங்கள்! 1967-ல் ஆஸ்திரியாவின் பாட் ஹோஃப்காஸ்டைனில் முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது.

அதன் பிறகு அலை ஓய்ந்தது. 1980களில் ஸ்னோபோர்டு வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போக, ஸ்கீபாப்புகள் பரணுக்கும் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்தன. இன்றைய சேகரிப்பாளர்கள் தேடிப் போவது அந்தப் பரண்களைத்தான்.

பிரேக் இல்லாமல் எப்படி நிறுத்துவது?

ஸ்கீ பைக்கைப் பார்த்ததும் யாருக்கும் வரும் முதல் சந்தேகம் இது. பதில் எளிது. நேராக இறங்கினால் வேகம் கூடும். சரிவுக்குக் குறுக்கே திரும்பினால் வேகம் குறையும். அதனால் பாம்பு போல வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்புவதோடு, உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். அப்போது பலகையின் ஓரத்தில் இருக்கும் இரும்புப் பட்டை பனியைக் கவ்விப் பிடிக்கும். வண்டி திரும்பும்.

ஸ்கீபாப்பில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. காலில் மாட்டும் குட்டிப் பலகையின் குதிகால் பக்கம் உலோகப் பற்கள் இருக்கும். குதிகாலை அழுத்தினால் அவை பனியைக் கீறும், வேகம் மட்டுப்படும். வெலோகெமலில் அதுவும் கிடையாது. பூட்ஸ் காலைத் தரையில் தேய்க்க வேண்டியதுதான்.

இப்போது மூன்றாவது வகையும் பிரபலம். மவுன்டன் பைக்கின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பலகைகளைப் பொருத்தும் 'கிட்' கிடைக்கிறது. செயினை எடுத்துவிடுவார்கள். பெடல் இருந்த இடத்தில் சுழலாத கால்தாங்கி வந்துவிடும். காலில் பலகை கிடையாது; எழுந்து நின்றே ஓட்டலாம். ஓட்டுவதற்கு மோட்டார் பைக் போன்ற உணர்வு தரும் இந்த வகைக்கு இளைஞர்கள் அதிகம். கொலராடோவின் லென்ஸ் ஸ்போர்ட் போன்ற சிறிய நிறுவனங்கள், பனிக்கென்றே தனி ஃபிரேம் செய்து விற்கின்றன.

முழங்காலுக்கு விடுதலை

வழக்கமான பனிச்சறுக்கில் உடம்பின் மொத்த எடையும் முழங்காலில்தான் இறங்கும். அதோடு, காலில் கட்டியிருக்கும் நீளமான பலகை, விழும்போது நெம்புகோல் போல முழங்காலைத் திருகிவிடும். முழங்கால் ஜவ்வு கிழிவது அந்த விளையாட்டில் சகஜமான காயம். ஒருமுறை அடிபட்டவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், வயதானவர்கள் என்று பலர் மலையை விட்டு விலகுவதற்குக் காரணமே அதுதான்.

ஸ்கீபாப்பில் பாரத்தின் ஒரு பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. காலில் இருக்கும் பலகையும் குட்டை என்பதால் திருகும் விசை குறைவு. நான்கு இடங்களில் ஊன்றி நிற்பதால் தடுமாற்றமும் குறைவு. அதனால், 'இனி பனிமலையைக் கீழே நின்று பார்ப்பதோடு சரி' என்று இருந்தவர்கள், மறுபடி லிஃப்ட் ஏறுகிறார்கள். செயற்கைக்கால் பொருத்தியவர்களும், சமநிலைப் பிரச்னை உள்ளவர்களும் பயிற்சியாளர் துணையோடு இதை ஓட்டுகிறார்கள். குடும்பத்தில் எல்லோரும் மலைக்குப் போக, ஒருவர் மட்டும் அறையில் காத்திருக்கும் நிலையை இந்த வண்டி பல வீடுகளில் மாற்றியிருக்கிறது.

பூல்மன் எந்தக் காரணத்துக்காக மரத்தை இழைத்தாரோ, 100 வருடங்களுக்குப் பிறகும் வண்டி அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

'உங்க வண்டிக்கு அனுமதி இல்லை!'

இப்படிப்பட்ட வண்டிக்கு எல்லா மலைகளிலும் வரவேற்பு கிடைக்கும் என்று நினைத்தால், இல்லை. கொலராடோவின் பர்கடரி போன்ற சில இடங்கள் ஸ்கீ பைக்கைத் தாராளமாக அனுமதிக்கின்றன. சில இடங்கள் குறிப்பிட்ட சரிவுகளில் மட்டும் அனுமதிக்கின்றன. சில இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மறுப்பதற்குக் காரணமும் இருக்கிறது. சாதாரண சறுக்குப்பலகை காலிலிருந்து கழன்றால், அதில் உள்ள சிறிய பிரேக் தானாக விரிந்து பனியில் குத்தி நின்றுவிடும். ஸ்கீ பைக்கில் அது இல்லை. ஓட்டுபவர் விழுந்து வண்டி மட்டும் தனியாகக் கீழே பாய்ந்தால், எதிரில் இருப்பவர் கதி என்ன ஆவது? அதனால்தான் வண்டியையும் ஓட்டுபவரையும் இணைக்கும் பாதுகாப்புக் கயிறு கட்டாயம் என்கிறார்கள். நாற்காலி லிஃப்டில் வண்டியோடு ஏறி, நெரிசல் இல்லாமல் இறங்கத் தெரிந்திருக்கிறதா என்றும் சில இடங்களில் பார்ப்பார்கள்.

கயிறு கட்டி, லிஃப்ட் ஏறத் தெரிந்து, பொறுப்பாக ஓட்டுபவர்கள் அதிகமானால்தான் தயங்கும் மலைகளும் கதவைத் திறக்கும். அனுபவசாலிகள் புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முன்பே கயிறு கட்டக் கற்றுக்கொடுப்பது அதனால்தான்.

பரணிலிருந்து பனிக்கு!

இனி சேகரிப்பு. மலை ஊர்களில் வீடு காலி செய்யும்போதும், பழைய பொருள் சந்தைகளிலும் ஸ்கீபாப்புகள் வெளியே வரும். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

மரத்தில் உளுத்துப்போன இடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். பலகை பல அடுக்குகளாக ஒட்டப்பட்டது. அடுக்கு பிரிந்திருந்தால் ஓட்டுவதற்கு ஆகாது. ஓரத்து இரும்புப் பட்டையில் மேலாகப் பிடித்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். அரித்தே போயிருந்தால் கஷ்டம். ஃபிரேமும் பலகையும் சேரும் போல்ட்டில் ஆட்டம் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் சரிவில் இறக்கவே கூடாது. தொலைந்துபோன உதிரி பாகத்துக்குக் கடைகளை நம்ப முடியாது. லேத் பட்டறையில் கொடுத்துச் செய்ய வேண்டியதுதான்.

கோடைக்காலத்தில் பராமரிப்பும் முக்கியம். பலகையின் அடிப்பக்கம் தடிமனாக மெழுகு உருக்கிப் பூசி, இரும்புப் பட்டையையும் மூடி, ஈரமில்லாத இடத்தில் வைப்பார்கள். அடுத்த சீசனில் மெழுகைச் சுரண்டி எடுத்தால் வண்டி தயார்.

பளபளவென்று புதுப் பெயின்ட் அடிப்பதா, பழைய கீறலோடு விடுவதா? சேகரிப்பாளர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால், சுவரில் மாட்டினால் மட்டும் போதாது, வருடத்துக்கு ஒருமுறையாவது பனியில் இறக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓட்டினால்தான் எந்த போல்ட் தளர்ந்தது, எந்த வளைவு எதற்கு என்பது புரியும். அந்த அறிவு வண்டியோடு சேர்ந்து அடுத்த ஆளுக்குப் போக வேண்டும்.

அதற்கான காலமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆல்ப்ஸின் தாழ்வான பகுதிகளில் பனி நிலைத்து நிற்கும் நாள்கள் குறைந்து வருகின்றன. கிராமத்துச் சாலையிலேயே வெலோகெமல் விட்ட காலம் போய், பனியைத் தேடி மேலே மேலே ஏற வேண்டியிருக்கிறது.

முதல்முறை ஓட்டப் போகிறீர்களா?

* ஹெல்மெட், பனிக்கண்ணாடி, தண்ணீர் புகாத கையுறை மூன்றும் கட்டாயம்.

* முதலில் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பயிற்சியாளரிடம் ஓரிரு மணி நேரம் கற்றுக்கொண்டாலே அடிப்படை பிடிபட்டுவிடும்.

* கூட்டமில்லாத, சரிவு குறைந்த பாதையில் தொடங்குங்கள். நிறுத்தப் பழகிய பிறகு வேகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

* அந்த மலையில் ஸ்கீ பைக்குக்கு அனுமதி உண்டா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவிஸ் டூர் போகும் யோகம் குளிர்காலத்தில் வாய்த்தால், கிரிண்டல்வால்டில் வெலோகெமல் வாடகைக்கே கிடைக்கும். ஃபால்ஹார்ன் மலையிலிருந்து புஸ்ஸால்ப் வழியாக ஊருக்குள் இறங்கும் 15 கி.மீ சறுக்குப்பாதை அங்கே ரொம்பப் பிரபலம். பழகாதவர்கள் உச்சிவரை போக வேண்டாம். கீழே உள்ள எளிய பாதையே போதும். உங்களோடு வந்த பெரியவர், 'முழங்கால் வலி, நான் ரூமிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க' என்கிறாரா? ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரியென்றால், ஸ்கீபாப் சொல்லித்தரும் பயிற்சியாளரைத் தேடி, முதல் வண்டியை அந்தப் பெரியவருக்கே எடுத்துக் கொடுங்கள்!