நாய்க்கு யார் ரத்தம் கொடுப்பது?

ஹைதராபாத்தில் யாரிடமாவது "எங்க வீட்ல கிரேஹவுண்ட் இருக்கு" என்று சொன்னால் ஒரு விநாடி உற்றுப் பார்ப்பார்கள். இந்த ஊரில் கிரேஹவுண்ட்ஸ் என்றால் 1989ல் ஆரம்பித்த நக்ஸல் ஒழிப்பு போலீஸ் படை. "நாய் சார், நாலு கால் நாய்" என்று விளக்கிய பிறகுதான் சிரிப்பார்கள். அதே ஆளிடம் "நாய்க்கு ரத்தம் வேணும், உங்க நாயைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த முறை சிரிப்பு முதலிலேயே வந்துவிடும்.

போன வருடம் ஒன்றரை நாளில் நாற்பது பேருக்கு மேல் போன் போட்டு இதையே கேட்டவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, கொஞ்சம் அழுத்தமாகவே உண்டு. பெரிய நாய் வளர்க்கிற ஒவ்வொருவரும், நாய் நன்றாக இருக்கும்போதே, அதை ரத்தம் கொடுக்கிற நாயாகத் தன் டாக்டரிடம் பதிந்து வைக்கவேண்டும். அதற்குக் காசு வாங்கக்கூடாது. நாய் மாட்டேன் என்றால் விட்டுவிடவேண்டும்.

"நாய்க்கெல்லாம் ரத்தம் ஏத்துவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மனுஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்றப்பட்டதே நாய்க்குத்தான். 1660களில் ரிச்சர்ட் லோயர் என்கிற ஆங்கிலேய டாக்டர் ஒரு நாயின் ரத்தக் குழாயை இன்னொரு நாயோடு இணைத்து, சாகக் கிடந்ததை எழுப்பிக் காட்டினார். எழுந்த நாய் எழுந்தது. கொடுத்த நாய் செத்துப் போனது. மூன்றரை நூற்றாண்டு கழித்து நமக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏறுகிற ரத்தத்துக்குப் பின்னால் அந்தப் பெயர் தெரியாத நாய் இருக்கிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பாண்டிக்கு ஏழு வயது, முப்பது கிலோ. ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதி என்பார்கள். இவன் ஒரு நாளில் இருபது மணி நேரம் சோபாவில் கிடப்பான். மாதம் தவறாமல் உண்ணி மருந்து போட்டும் எங்கிருந்தோ ஒரு உண்ணி ஏறிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு நாய் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். அதன் எச்சில் வழியாக எர்லிச்சியா, பபீசியா என்று இரண்டு பெரிய வில்லன்கள் உள்ளே போவார்கள். பாண்டிக்கு வந்தது பபீசியா கிப்ஸோனி. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிற ஒட்டுண்ணி. நம் மலேரியாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கிரேஹவுண்ட் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று இருக்கிறது. பி.சி.வி. என்று ஒரு எண், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு. சாதாரண நாய்க்கு 37 முதல் 55 வரை. கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65 வரை போகும். ஓட்டத்துக்கான உடம்பு, பெட்ரோல் டேங்கே பெரிசு. பாண்டிக்கு எப்போதும் 54. முதல் நாள் ரிப்போர்ட்டில் 41. பக்கத்திலேயே 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது! லேப்ரடாருக்கு அது நார்மல்தான். 54 இருந்தவனுக்கு 41 என்றால் நாலில் ஒரு பங்கு காலி. இதற்கு நேர்மாறாக, பிளேட்லெட் எண்ணிக்கை இந்த இனத்துக்கு இயல்பாகவே குறைவு. அதைப் பார்த்து இல்லாத உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவர்களும் உண்டு. ஆகவே நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணி அந்தக் காகிதத்தை பத்திரமாக வையுங்கள். பேலன்ஸ் ஷீட்டில் போன வருட காலம் இல்லாமல் இந்த வருட எண்ணை மட்டும் பார்த்து என்ன புரியும்?

மூன்றாம் நாள் 26. ஐந்தாம் நாள் 14. ஈறு காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. கதவு மணி அடித்தால் காதை மட்டும் திருப்பினான், தலை எழவில்லை. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மருந்து வேலை செய்ய நாலஞ்சு நாள் ஆகும் சார். அதுவரைக்கும் இவன் தாங்கணும். ரத்தம் வேணும்."

கணக்கையும் அவரே சொன்னார். கிலோவுக்கு 2 மில்லி ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. சுமார் ஒரு புள்ளி ஏறும். முப்பது கிலோவுக்கு 60 மில்லி, ஒரு புள்ளி. ஆரோக்கியமான பெரிய நாய் ஒன்று ஒரு தடவைக்கு 450 மில்லி கொடுக்கும். ஆக 14 என்பது 21 ஆகும். அவ்வளவுதான். அந்த ஏழு புள்ளிக்குத்தான் நாற்பது போன்.

மார்ச் கடைசி வாரம் வேறு. வங்கிக்காரர்களுக்கு அது என்ன வாரம் என்று சொல்லவேண்டியதில்லை. லீவு கேட்டபோது 'குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலமில்லை' என்றுதான் எழுதினேன். இன்றைக்கும் அது உண்மை என்றே நினைக்கிறேன்.

போனில் வந்த பதில்கள் பலவிதம். நல்ல மனுஷர்கள்தான், யாரையும் குறை சொல்லவில்லை. "எங்க பையன் பயந்துடுவான்." "ரத்தம் எடுத்தா வீக் ஆயிடுமே." "எவ்வளவு கொடுப்பீங்க?" (இது ஒரே ஒருவர்.) பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் பழக்கமான ஒரு மாமா, தன் நாய் பாமரேனியன் என்றும் தேவைப்பட்டால் தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் உருகினார். மாமா, உங்களுக்கு ஆயுசு நூறு.

கடைசியில் மூன்று நாய்கள் வந்தன. முதலாவதுக்கு ரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. அந்த வீட்டுக்காரர் எங்களுக்கு உதவ வந்து தன் நாயைக் காப்பாற்றிக்கொண்டு போனார். இரண்டாவது, கிராஸ் மேட்ச்சில் சேரவில்லை. மூன்றாவது சைனிக்புரியிலிருந்து வந்த நாலு வயது லேப்ரடார், முப்பத்தாறு கிலோ. சேர்ந்தது. கழுத்து நரம்பில் ஊசி, பத்து நிமிஷம், மயக்க மருந்து கூடக் கிடையாது. அதன் எஜமானர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நாயின் காதில் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் லேப்ரடார் ஒரு தட்டு கோழிக்கறியைக் காலி பண்ணிவிட்டு பாண்டியின் தட்டையும் நக்கியது. நன்றி சொல்லப் போன என்னிடம் அவர் "பர்வாலேது சார்" என்ற ஒரே வார்த்தையோடு காரை எடுத்தார்.

இப்போது என் அம்மாவின் கேள்வி. தொண்ணூறு சதவீதம் பேர் மனசில் இருக்கிற கேள்வியும் அதுதான். "வாயில்லா ஜீவன்டா. நம்ம நாய் பிழைக்கணும்னு இன்னொண்ணு ரத்தத்தை உறிஞ்சறது பாவமில்லையா? அது சரின்னு சொல்லுச்சா?"

சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அதனால் சரியா தப்பா என்பதை எடுக்கிற விதத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. எடுக்கிற விதம் எவ்வளவு மோசமாகலாம் என்பதற்கு கிரேஹவுண்ட் சரித்திரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்த இனத்துக்கு சிவப்பணு அதிகம், தோல் மெலிது, நரம்பு எடுப்பாகத் தெரியும், சுபாவம் பரம சாது. ரத்தம் எடுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் ரேஸில் ஓடி முடித்த கிரேஹவுண்டுகளைக் கூண்டில் வைத்துத் தொடர்ந்து ரத்தம் எடுக்கிற வியாபாரம் நடந்தது. 2017ல் டெக்ஸாஸில் அப்படி ஒரு இடத்தின் படங்கள் வெளிவந்து பெரிய சத்தமானது. சுமார் 150 நாய்கள், அழுக்குக் கூண்டு, கவனிக்காத புண்கள். பிறகு அந்த இடம் மூடப்பட்டு நாய்கள் வீடுகளுக்குப் போயின. கலிபோர்னியாவில், வீட்டு நாய்கள் வந்து கொடுத்துவிட்டுப் போகிற முறைக்கு வழிவிடும் சட்டம் 2021ல்தான் வந்தது. சாதுவாக இருந்ததற்கு அந்த ஜென்மங்களுக்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்.

ரத்தத்துக்குத் தேவை இருந்து, கொடுக்க வீட்டு நாய்கள் வராத இடத்தில் என்ன நடக்கும்? யாராவது ஒருத்தர் கூண்டு கட்டுவார். அல்லது தெருநாயைப் பிடித்து வருவார். அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம் வீட்டு நாயைப் 'பாவம்' என்று விலக்கிவைத்தால் அந்தப் பாவம் கேட்பாரில்லாத ஒரு நாயின் தலையில் இறங்கும். அம்மா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோழிக்கறித் தட்டு விஷயம் அவளைக் கொஞ்சம் அசைத்தது :-)

நல்ல மாதிரிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் 2007ல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஜனங்கள் தங்கள் நாய்களை அழைத்துப்போய், கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஒன்று முதல் எட்டு வயது, 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்ட, மருந்து எதுவும் சாப்பிடாத நாய். ஒரு நாயின் ரத்தத்தைப் பிரித்து நாலு நாய் வரை உபயோகிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அவ்வளவு தூரம் ஏன், சென்னை வேப்பேரியிலேயே, 1903ல் தொடங்கிய நம் கால்நடை மருத்துவக் கல்லூரியில், விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. ஊரைவிட்டு வந்து பதினைந்து வருடத்தில் வேப்பேரிக்காக நான் ஏங்கியது அந்த வாரம்தான்.

2025 ஆகஸ்டில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, விலங்குகளுக்கு ரத்தம் ஏற்றுவது பற்றியும் ரத்த வங்கிகள் பற்றியும் தேசிய அளவில் முதல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. காசில்லாத தானம், உரிமையாளரின் சம்மதம், கொடுக்கிற விலங்கின் உரிமைகள், வகை பார்த்துப் பொருத்திய பிறகே ஏற்றுவது, நாடு முழுக்க வங்கிகளை இணைக்கும் ஏற்பாடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் இல்லை, வழிகாட்டுதல்தான். சர்க்குலர்களோடு இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: காகிதம் நன்றாக இருக்கிறது, நாய் இல்லாமல் அந்த வங்கி ஓடாது. டெபாசிட் போட ஒருத்தரும் வராமல் எல்லோரும் வித்டிராயல் ஸ்லிப்போடு க்யூவில் நிற்கிற கிளை எத்தனை நாள் ஓடும்?

ரத்த வகை பற்றியும் ஒரு வரி. நாய்களுக்கு டி.இ.ஏ. 1 என்ற வகை முக்கியம், சிலதுக்கு உண்டு, சிலதுக்கு இல்லை. முதல் தடவை மாறி ஏற்றினாலும் பெரும்பாலும் ஆபத்து வராது. ஏனென்றால் நம்மைப் போலப் பிறவியிலேயே அதற்கான எதிர்ப்பு நாய் உடம்பில் இருப்பதில்லை. இதை வைத்து "நாய்க்கு எது வேணும்னாலும் ஏத்தலாம்" என்று ஒரு வதந்தி உலவுகிறது. நம்பாதீர்கள். முதல் தடவையிலேயே எதிர்ப்பு உருவாகிவிடும், இரண்டாவது தடவை அது உயிருக்கு உலை வைக்கும். ஒரு தடவை ஏற்றினால் எந்தத் தேதி, எந்த வகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாய் மாட்டேன் என்றால் விட்டுவிடவேண்டும் என்றேனே, அது அலங்காரத்துக்கு இல்லை. மேஜையில் படுக்க மறுக்கிற, நடுங்குகிற, தலையைத் திருப்பித் திருப்பி நம்மைப் பார்க்கிற நாய் 'வேண்டாம்' என்கிறது. ஏழு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது புரியாதா? அன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும், எதிர்ப் பக்கம் என் பாண்டியே படுத்திருந்தாலும். இந்த வரியை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் மாற்றமில்லை.

பாண்டி இருக்கிறான். 21 ஆனது, மருந்து பிடித்தது, ஒரு மாதத்தில் 40ஐத் தொட்டது, இப்போது 50. கிப்ஸோனி முழுசாக ஒழிகிற வியாதி இல்லை, உள்ளே பதுங்கி உட்கார்ந்திருக்கும். காலையில் பால் பாக்கெட் எடுக்கும் முன் என் மனைவி அவன் உதட்டைத் தூக்கி ஈறு சிவப்பா என்று பார்க்கிறாள். "இன்னிக்கு நல்லா இருக்கான், நீங்க கிளம்புங்க" என்கிற குரல் வந்த பிறகுதான் நான் ஷூ மாட்டுவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் டிவி ஓடாது. இப்படியே எத்தனை வருடமோ, பழகிக்கொண்டுவிட்டோம்.

வாங்கிய ரத்தத்தை அவன் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏற்றிக்கொண்ட நாய் அதற்குப் பிறகு கொடுக்கக்கூடாது, அதிலும் பபீசியா வந்தது கூடவே கூடாது. அதனால் எங்கள் அபார்ட்மென்ட்டில் 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களைக் கணக்கெடுத்தேன். பதினொன்று. ஆறு வீட்டில் கதவைத் திறந்து பேசினார்கள், நாலு வீட்டில் சம்மதம். நாலையும் என் செலவில் டெஸ்ட் செய்து, வகை பார்த்து, டாக்டரிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது. பி பிளாக் ஜெர்மன் ஷெப்பர்டு வீட்டம்மா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ப் பார்க்கவேண்டும்.