ஊதச் சொல்வதற்கு முன்...

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்

போதை கூடாது என்பதில் நம்மிடையே இரு கருத்து இருக்க முடியாது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவப் பெருந்தகையின் மொழி நம் மொழி. குடித்துவிட்டு வண்டியோட்டித் தன் உயிரோடு பிறர் உயிரையும் மாய்ப்பவனுக்காக வாதாட நான் பேனாவை எடுக்கவில்லை. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. வேலைக்கு வரும் ஊழியரை, அவர்மீது எந்தச் சந்தேகமும் இல்லாதபோதே திடீரென அழைத்து, மூச்சையோ சிறுநீரையோ வாங்கிச் சோதிக்கும் வழக்கம் இன்று பரவி வருகிறது. நாளை பட்டம் பெற்று வேலை தேடப் போகும் நாமும் அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்களே. ஆகவே இதைக் குறித்து இப்போதே எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் ஒரு நூற்பாலையின் பேருந்து ஓட்டுநர். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண் தொழிலாளர்களை அதிகாலை ஷிப்ட்டுக்கு ஏற்றி வருவது அவர் வேலை. அவர் குடிப்பதில்லை. என் பாட்டனார் சாராயத்தால் இரண்டு ஏக்கர் காட்டையும், பிறகு தம் உயிரையும் இழந்தவர். அதைப் பன்னிரண்டு வயதில் கண்ணால் பார்த்த என் தந்தையார், கல்யாண வீடுகளில்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்.

சென்ற ஆண்டு அவருக்கு வயிற்றுக் கோளாறு. வைத்தியர் அரிஷ்டம் கொடுத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் அதைக் குடித்துவிட்டு, ஆலைக்குப் பக்கத்திலேயே உள்ள எங்கள் வீட்டிலிருந்து நேரே வாயிலுக்குப் போனார். அன்றைக்குத்தான் புதிதாக ஊதச் சொன்னார்கள். ஊதினார். கருவி கத்தியது.

"நான் குடிக்கறவன் இல்லீங்க சார். அரிஷ்டந்தானுங்க குடிச்சேன். இன்னொருக்கா ஊதறேனுங்க" என்றார் அப்பா.

"எல்லாரும் இதைத்தான்யா சொல்றீங்க" என்றார் மேற்பார்வையாளர்.

மூன்று நாள் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. போன சம்பளத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் என் அம்மாவிடம், "ஏனுங்க்கா, அண்ணனுமா குடிப்பாங்க?" என்று கேட்டாளே, அதற்கு எந்த ஆலை ஈடு கொடுக்கும்? அம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான்காம் நாள் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்திட்டு வரச் சொன்னார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. "படிச்சுச் சொல்லு சாமி" என்று அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முன்னறிவிப்பு ஏதுமின்றி எந்த நேரத்திலும் சோதனைக்கு உட்படுவதாகவும், முடிவு எதுவாயினும் நிர்வாகத்தின் தீர்மானத்தை ஏற்பதாகவும் அதில் எழுதியிருந்தது. மறுசோதனை என்ற சொல் எங்குமே இல்லை. படித்துச் சொன்னேன். "கையெழுத்துப் போட்டாத்தானே சாமி வண்டி தருவாங்க" என்று சொல்லி அப்பா கையெழுத்திட்டார்.

அந்தத் தாள்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

இந்தச் சோதனை எப்படிப் பரவியது?

இதற்குப் பெரும் வேகம் கொடுத்த நாடு அமெரிக்கா. 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் ஓர் ஆணை பிறப்பித்தார். முக்கியப் பொறுப்புகளில் உள்ள மத்திய அரசு ஊழியர்களிடம் போதைப்பொருள் சோதனை நடத்த அது வழிவகுத்தது. சில மாதங்களிலேயே, 1987 ஜனவரி 4 அன்று, மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்னும் இடத்தில் ஒரு கோர விபத்து. சிக்னலை மீறிச் சென்ற ரயில் எஞ்சின்கள் ஒரு பயணிகள் ரயிலின் பாதையில் போய் நின்றன. 16 பேர் மாண்டனர். எஞ்சினை ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. நாடே கொதித்தது. 1991-இல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் திடீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

அந்த விபத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஓட்டுநரை எச்சரிக்க வேண்டிய ஊதலின் வாய் ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்தது. சிக்னலை மீறினால் தானாகவே வண்டியை நிறுத்தும் கருவியும் அந்த எஞ்சின்களில் இல்லை. மனிதனின் சிறுநீரைச் சோதிக்க முனைவோர், எஞ்சினையும் அதே அக்கறையோடு சோதிக்க வேண்டும் என்பதே அந்த விபத்து தரும் முழுப் பாடம்.

1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கியது. விபத்துக்குப் பின் ரயில்வே ஊழியரைச் சோதிப்பது செல்லும் என்றது முதல் தீர்ப்பு. சுங்கத்துறையின் சில பணிகளுக்கு வருவோரைச் சோதிப்பதும் செல்லும் என்றது இரண்டாவது. முதல் வழக்கில் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஸ்காலியா, இரண்டாவதில் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். ரயில்வேயில் அபாயத்துக்குச் சான்று இருந்தது, சுங்கத்துறையில் அப்படி எதுவும் காட்டப்படவில்லை என்பது அவர் வாதம். பிற்பாடு தேர்தல் வேட்பாளர்களைச் சோதிக்க ஜார்ஜியா மாநிலம் ஒரு சட்டம் செய்தபோது, கண்கூடான அபாயம் எதுவும் இல்லையென்று 1997-இல் அதே நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. அபாயம் இருந்தால் சோதனை, இல்லையேல் இல்லை என்பது நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த அளவுகோல் வேட்பாளரைக் காப்பது போல வாயிற்காவலரையும் காக்க வேண்டுமல்லவா?

நம் நாட்டில் விமானிகளும் விமானப் பணியாளர்களும் பறப்பதற்கு முன் மூச்சுச் சோதனைக்கு உட்படுகிறார்கள். 2022 ஜனவரி 31 முதல், கஞ்சா, கொக்கெய்ன், ஓபியம் சார்ந்த பொருள்கள் முதலியவற்றுக்கான திடீர்ச் சோதனையும் வந்தது. விமானிகளிலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுதோறும் குறைந்தது 10 சதவீதத்தினரைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. முதற்சோதனையில் குறை தெரிந்தால், அதையே முடிவாகக் கொள்ளாமல் உறுதிச் சோதனை செய்ய வேண்டும். அதிலும் உறுதியானால், முதல் முறை போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். விமானிக்குக் கிடைக்கும் இந்த இரண்டாவது வாய்ப்பு மில் பஸ் ஓட்டுநருக்கு ஏன் கிடைப்பதில்லை?

நம் பாடம் என்ன சொல்கிறது?

பழைய மூச்சுக் கருவிகளில் நாம் ஆய்வுக்கூடத்தில் கையாளும் பொட்டாசியம் டைகுரோமேட்தான் இருந்தது. மூச்சில் எத்தனால் இருந்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். இன்றைய கருவிகளில் எத்தனால் ஆக்ஸிஜனேற்றமடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். கருவி அளப்பது மூச்சில் உள்ள எத்தனாலை. அது சாராயக்கடையிலிருந்து வந்ததா, அரிஷ்டத்திலிருந்து வந்ததா என்று கருவிக்குத் தெரியாது. அரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. ஆகவே அதில் இயல்பாகவே எத்தனால் உண்டு. குடித்தவுடன் அது வாயிலேயே தங்கி நிற்கும். ஏறக்குறைய 15 நிமிடத்தில் வாயிலிருந்து நீங்கிவிடும். ஆகவேதான் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வது முறையான சோதனையின் பகுதியாகும். என் தந்தையாருக்கு மறுக்கப்பட்டது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் நடந்ததைச் செய்தித்தாளில் பலரும் படித்திருப்பீர்கள். குடிக்காத ஓட்டுநர்கள் சிலர் மூச்சுச் சோதனையில் சிக்கினார்கள். காரணம், அன்று காலை அவர்கள் தின்ற நன்கு பழுத்த பலாச்சுளை! அங்கிருந்தவர்கள் அதை நம்பாமல் விடவில்லை. சோதனையில் தேறிய ஒருவரைச் சுளை தின்னச் செய்து மறுபடி ஊத வைத்தார்கள். கருவி எத்தனால் இருப்பதாகக் காட்டியது. உண்மை வெளிப்பட்டது. அறிவியல் மனப்பான்மை என்று நாம் மேடைகளில் பேசுவது இதைத்தான்.

சிறுநீர்ச் சோதனையின் கதையும் இதுவே. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, ஓபியம் தரும் அதே செடியின் விதை. அதைத் தின்றவரின் சிறுநீரில் மார்ஃபின் தென்படக்கூடும். அமெரிக்காவில் இதனால் நேர்ந்த குழப்பத்தைத் தவிர்க்க, 1998-இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த எல்லையை 2000 ஆக உயர்த்தினார்கள். கஞ்சாவின் எச்சமோ சிறுநீரில் பல நாள்கள், வழக்கமாகப் புகைப்பவருக்குச் சில வாரங்கள்கூடத் தங்கும். ஆக, அந்தச் சோதனை, ஊழியர் இப்போது நிதானத்தில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. வண்டியோட்டும் நேரத்துக்கான சோதனையாகத் தொடங்கியது, விடுமுறை நாளை உளவு பார்க்கும் சோதனையாக முடிகிறது. அதே சிறுநீரில் சர்க்கரை நோயையும் கர்ப்பத்தையும்கூடக் கண்டறிய முடியும். வேலை கொடுப்பவருக்கு இவையெல்லாம் எதற்கு? தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கிக் கோரப்படுபவை. தனியார் ஆலையின் வாயிலிலோ அந்தக் கையெழுத்துத் தாளே சட்டமாக நிற்கிறது.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஓரிடத்தில் 1000 ஊழியர்கள். அவர்களில் 10 பேர் மட்டுமே போதைப் பழக்கம் உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே கருவி தவறாகக் காட்டுகிறது என்போம். மீதி 990 பேரில் ஏறத்தாழ 10 பேர் தவறாகச் சிக்குவார்கள். உண்மையில் பழக்கமுள்ள பத்துப் பேரும் அகப்பட்டாலும், பிடிபட்ட இருபது பேரில் பாதிப்பேர் நிரபராதிகள்! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியான கருவி என்று பெருமை பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பருமனறி பகுப்பாய்வில் ஒரே ஒரு அளவீட்டை எழுதிக் கொண்டுபோனால் நம் பேராசிரியர்கள் ஏற்பார்களா? ஒத்த மதிப்பு வரும்வரை திரும்பச் செய்யச் சொல்வார்கள். பிப்பெட்டில் எடுத்த இருபது மில்லிலிட்டர் காரத்துக்குக் காட்டும் நியாயத்தை, ஒரு மனிதனின் பிழைப்புக்குக் காட்ட வேண்டாமா?

அப்படியானால் சோதனையே வேண்டாமா?

வேண்டும். இதில் நான் என் தந்தையாரின் கட்சி. "ஊதச் சொல்றது தப்பில்ல சாமி. நம்மள நம்பி அம்பது பொண்ணுங்க ஏர்றாங்க. ரெண்டாவது தடவ ஊத உட்டிருக்கலாம்" என்றுதான் அவர் சொன்னார். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டியோட்டுவது குற்றம் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அது தேவையான சட்டமே. குடியால் சிதைந்த குடும்பத்தின் பேரன் நான். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சோதனைக்கும் ஒரு நெறி வேண்டும். முதலாவதாக, பிறர் உயிர் கையில் உள்ள வேலைகளுக்கே திடீர்ச் சோதனை இருக்கட்டும். கணக்கெழுதுவோரிடமும் கூட்டிப் பெருக்குவோரிடமும் சந்தேகமின்றிச் சிறுநீர் கேட்க வேண்டாம். இரண்டாவதாக, முதற்சோதனையில் சிக்கியவருக்கு மறுசோதனை உரிமையாக இருக்க வேண்டும். அதுவரை தண்டனை கூடாது, அவரைப் பலர் முன்னிலையில் நிறுத்தவும் கூடாது. மூன்றாவதாக, ஓட்டுநரின் வாய்க்கு வரும் குழாய், அதே ஆலையின் காரை ஓட்டி வரும் மேலாளரின் வாய்க்கும் வரட்டும். நான்காவதாக, பழக்கம் உண்மையென்றே உறுதியானாலும், வண்டியை விட்டு இறக்கிச் சிகிச்சைக்கு அனுப்புங்கள். எடுத்த எடுப்பில் தெருவில் விடாதீர்கள். வேலை போனவன் குடியை விடுவதில்லை என்பதற்கு எங்கள் பாட்டனாரே சாட்சி. ஐந்தாவதாக, கையெழுத்து வாங்கும் தாள் தமிழில் இருக்கட்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நேர்முகத் தேர்வுக்குப் பின் நம்முன்னும் ஒரு தாளை நீட்டுவார்கள். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்திடத்தான் கை துடிக்கும். படியுங்கள். மறுசோதனை எங்கே என்று கேளுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் சிலர் அந்தச் சோதனைக்கூடத்தில் கருவியின் மறுபக்கத்தில் உட்காரக்கூடும். அப்போது, முன்னே நிற்பவர் "இன்னொருக்கா ஊதறேனுங்க" என்று சொன்னால், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள்.

என் தந்தையார் இன்றும் தினமும் ஊதிவிட்டுத்தான் வண்டியெடுக்கிறார். அரிஷ்டத்தை மட்டும் இரவுக்கு மாற்றிக்கொண்டார்.