மீண்டும் பிறக்குமோ அந்த மீன்?

"ஓர் உயிரினம் அழிந்தால் என்ன? இயற்கை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்" என்று ஆறுதல் கூறுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். இதையே "இறைவன் பார்த்துக்கொள்வார்" எனப் பக்தி மொழியில் சொல்வோரும் உண்டு. பராமரிப்பை நம்புவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் ஒன்றென அவர்களுக்கு யார் சொன்னாரோ! படித்தவர்களோ அறிவியலைத் துணைக்கு அழைக்கின்றனர். அவர்கள் காட்டும் சான்றையே நாமும் எடுத்து நோக்குவோம்.

வடகடல்களில் ஸ்டிக்கிள்பேக் என்றொரு சிறு மீன் உண்டு. முதுகில் மூன்று முட்கள். கடலில் வாழ்வனவற்றுக்கு இருபுறமும் முப்பதுக்கு மேற்பட்ட எலும்புத் தகடுகள். பனியுகத்தின் முடிவில் ஏரிகளில் குடியேறியவை, ஏரிக்கு ஏரி தனித்தனியே அத்தகடுகளைக் குறைத்துக்கொண்டன. அலாஸ்காவின் லோபெர்க் ஏரியில் 1982-இல் நஞ்சிட்டு மீன்களை அழித்தனர். பின்னர்க் கடல்மீன்கள் அங்கு ஏறிவந்தன. 1990-இல் 96 விழுக்காடு மீன்கள் முழுக்கவசத்தோடு இருந்தன. 2001-இலோ 11 விழுக்காடே. பதினோர் ஆண்டுகளில் இத்துணை மாற்றம்!

"பார்த்தீர்களா?" என்கின்றனர். பார்த்தோம். ஆனால் அம்மாற்றம் எங்கிருந்து வந்தது? 2005-இல் அதற்குரிய 'ஈடா' மரபணுவை ஆய்வாளர் கண்டறிந்தனர். தகடு குறைக்கும் அதன் வடிவம் ஏரிகளில் புதிதாய்ப் பிறந்ததன்று. பல லட்சம் ஆண்டுப் பழமையுடையது. கடல்மீன்களுள் மிகச் சிலவற்றில் மறைந்து வாழ்ந்துவருவது. களஞ்சியத்தில் விதை இருந்தது. ஆகவே வயல் விளைந்தது. விதைநெல்லையே தீயிட்டவனுக்கு எந்த மழை உதவும்?

கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள ஈனோஸ் ஏரியில் இம்மீனின் இரு இனங்கள் அருகருகே வாழ்ந்தன: ஒன்று ஏரியடியில் இரை தேடும், மற்றொன்று திறந்த நீரில். இவ்வகை இணைகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க ஏரிகளில் மட்டுமே தோன்றியவை. இறாலை ஒத்த கிரேஃபிஷ் அவ்வேரிக்குள் வந்துசேர்ந்தது. நீரும் நீர்ச்செடிகளும் குலைந்தன. அதுவே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. இரு இனங்களும் தம்முள் கலந்து ஒரே கலப்பினக் கூட்டமாயின. 2006-இல் வெளியான மரபணு ஆய்வு அதை உறுதிசெய்தது. இரண்டின் மரபணுக்களும் அம்மீன்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன, இனங்கள்தாம் இல்லை.

லோபெர்க் ஏரியைச் சுட்டுவோர், லஸ்கீட்டித் தீவின் ஹாட்லி ஏரியை ஏன் சுட்டுவதில்லை? அங்கு ஒருவகை அயற்கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டனர். அங்கிருந்த இணையின் இரு இனங்களும் 1990-களிலேயே மறைந்தன.