குதிரைக்குத் தடுப்பூசி: குதிரைக்காரருக்குத் தெரியுமா?

மரபணு மாற்றம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் எழும் முதல் வினா, அது ஹலாலா ஹராமா என்பதே. அதற்கு விடை கூற நம்மிடையே ஆலிம்கள் இருக்கின்றனர். மற்றொரு வினாவை நாம் கேட்பதே இல்லை. புதிய தடுப்பூசி ஒன்றைப் பிராணிகளில் சோதிக்கும்போது, அவற்றைப் பராமரிப்பவரிடம் உண்மை சொல்லப்படுகிறதா? இதுவும் அமானிதம் சார்ந்த வினாவே.

2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் குதிரைக் காய்ச்சல் புகுந்தது, பந்தயங்கள் நின்றன. அதை அடக்கப் பயன்பட்டது மரபணு மாற்றப்பட்ட தடுப்பூசி. கேனரிப் பறவையின் அம்மை வைரஸில் குதிரைக் காய்ச்சல் வைரஸின் மரபணுவைச் சேர்த்து அதைத் தயாரிக்கின்றனர். அந்தப் பறவை வைரஸ் குதிரையின் உடலில் பெருகுவதில்லை. அவ்வளவு அவசரத்திலும் அந்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டின் மரபணுத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தனி அவசர ஆணை பிறப்பித்த பின்னரே ஊசியை அனுமதித்தது. ஊசி பெற்ற குதிரைகளுக்கு அடையாளச் சில்லும் பொருத்தப்பட்டது. எந்தக் குதிரைக்கு என்ன செலுத்தப்பட்டது என்பதற்குப் பதிவு இருந்தது.

இதற்கு நேர்மாறானது 1986இல் அர்ஜென்டினாவின் அசூல் நகரில் நடந்தது. அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனம் உருவாக்கிய, மரபணு மாற்றப்பட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்குள்ள கறவைப் பசுக்களுக்குச் செலுத்தப்பட்டது. அந்நாட்டு அரசிடம் அனுமதி பெறவில்லை. பால் கறந்த தொழிலாளருக்கும் தாம் எதைத் தொடுகிறோம் என்பது தெரியாது. செய்தி அறிந்ததும் அரசு சோதனையை நிறுத்தியது. தடுப்பூசி நல்லதாகவே இருந்திருக்கலாம். அதனால் அந்தத் தொழிலாளரிடமிருந்து உண்மையை மறைத்தது நியாயமாகிவிடுமா? வணிகத்தில் பொருளின் குறையை மறைப்பதையே தடுத்த மார்க்கம் நம்முடையது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989 டிசம்பரில் விதிகள் வந்தன. நிறுவன அளவில் ஒரு குழு, மத்தியில் மரபணு ஆய்வுகளைக் கவனிக்கும் குழு, அதற்கும் மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குழு என அடுக்குகள் உள்ளன. மாவட்ட ஆட்சியரின் கீழ் ஒரு குழுவும் உண்டு. ஆனால் ‘தேவைப்படும் இடங்களில்’ அமைக்கலாம் என்கிறது விதி. தேவை என்று யார் முடிவு செய்வது? நம் கவலை அந்த ஒரு சொற்றொடரில்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலையை எண்ணிப் பாருங்கள். அங்கே இத்தகைய சோதனை நடந்ததாக நாம் கூறவில்லை; நடந்தால் என்ன ஆகும் என்றே கேட்கிறோம். மலைமேல் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள், வேலியற்ற மேய்ச்சல். ஊசி பெற்ற பிராணியும் பெறாததும் ஒரே ஓடையில் நீர் அருந்தும். அடிவாரத்திலோ வாணியம்பாடியும் ஆலங்காயமும். ஒரு காலத்தில் ஜட்கா ஓடிய இப்பகுதியில் இன்று குதிரைகள் குறைவு. திருமண ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டுவருபவரோ அன்றாடக் கூலியில் வாழ்பவர். இலவச ஊசி என்றால் அவர் மறுப்பாரா? ஆங்கிலப் படிவத்தில் கைந்நாட்டு வாங்குவது எளிது. அதை இசைவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஓடும் குதிரைகள் மீதான சத்தியத்தோடு தொடங்கும் ஓர் அத்தியாயம் நம் வேதத்தில் உண்டு. வாயில்லாப் பிராணிக்காகப் பேசுவது நமக்குப் புதியதன்று.

சோதனை நடைபெறும் எந்த மாவட்டத்திலும் ஆட்சியர் குழு கட்டாயமாக வேண்டும். அதில் கால்நடை மருத்துவரோடு குதிரைக்காரர் ஒருவரும் அமர வேண்டும். எந்த வைரஸ், எத்தனை நாள் தனிமை, குதிரை இறந்தால் இழப்பீடு யார் தருவார் என்பவை தமிழில் எழுதப்பட்டு, எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். இதைக் கோரி மனு எழுத நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு ஜும்ஆவுக்குப் பின் அரைமணி நேரம் போதும்.